வாயை மூடு என்று சொல்வதற்கு முன்...

(தொடக்கநிலை ஆசிரியர்களுக்கான உள்ளடக்கிய கல்விப் பயிற்சியில் சிறப்பாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பின் வரும் அமர்வு இது. யாருக்கும் கண் சொருகிவிடக் கூடாது என்பதால் ஒரு சின்னச் சோதனையோடு தொடங்குகிறேன். எல்லாரும் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். தலையை நன்றாகக் குனிந்து, வாயைச் சற்றே திறந்தபடி, உங்கள் பெயரையும் பள்ளியின் பெயரையும் முழு முகவரியையும் எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. எழுதி முடிக்கும்வரை எச்சிலை விழுங்கக் கூடாது.

ஒரு நிமிடம்தான் ஆனது. பாதிப் பேர் கைக்குட்டையைத் தேடுகிறீர்கள். முன்வரிசையில் ஓர் ஐயா தாளையே நகர்த்திக்கொண்டார். எல்லாரும் சிரிக்கிறோம். நம் வகுப்பில் சில குழந்தைகளுக்கு இது காலை மணியிலிருந்து மாலை மணிவரை நடக்கிறது. அங்கேயும் சிரிப்பு உண்டு. ஆனால் அந்தச் சிரிப்பில் அந்தக் குழந்தைக்குப் பங்கில்லை.

மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, டவுன் நோய்க்குறி போன்ற நிலைகளில் உள்ள குழந்தைகளுக்கு ஓயாமல் எச்சில் வடிவதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பயிற்சிக் கையேடுகளில் இதற்கு அரைப் பக்கம்கூட இருக்காது. சாய்தளம் பற்றிப் பேசுகிறோம், சக்கர நாற்காலி பற்றிப் பேசுகிறோம். எச்சிலைப் பற்றிப் பேச நமக்கே கூச்சம். ஆனால் ஒரு குழந்தையைப் பள்ளியை விட்டே அனுப்புவதற்கு இந்த எச்சில் போதும். அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் என் தவறும் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அனைவருக்கும் கல்வி இயக்கம் இருந்த காலம். செயல்வழிக் கற்றல் அட்டைகளோடு பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து படித்த காலம். நான் சிறப்பாசிரியராகச் சேர்ந்த புதிது. எனக்குக் கொடுத்த பள்ளிகளில் ஒன்றில் எட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன். மூளை முடக்குவாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். பேச்சு குழறும், ஆனால் கணக்கில் கெட்டிக்காரன். வாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டே இருக்கும். சட்டையின் முன்பக்கம் எப்போதும் ஈரம். அவன் எடுத்து வைத்த அட்டையை மற்ற பிள்ளைகள் தொடமாட்டார்கள். "டீச்சர், எச்சி டீச்சர்" என்று விரலை உதறுவார்கள். வகுப்பாசிரியை நல்லவர்தான். சண்டை வேண்டாம் என்று அவனுக்குக் கதவோரம் தனிப் பாய் போட்டுக் கொடுத்தார்.

நான் போய்ப் பார்த்தேன். என் பதிவேட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? "வாயை மூடி வைக்கப் பழக்க வேண்டும்." அவன் அம்மாவை அழைத்து, "பழக்கம்தாம்மா. வாய மூடு, வாய மூடுன்னு சொல்லிக்கிட்டே இருங்க, சரியாயிடும்" என்றேன். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இரண்டு மாதத்தில் பையன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். வீட்டுக்குப் போனேன். வயிறு உப்பிப் படுத்திருந்தான். நான்கைந்து நாளுக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறான், சிறுநீர் போகும்போது எரிச்சல் என்று அழுகிறான் என்றார் அம்மா. எதனால் என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. "நீங்க சொன்னீங்களேன்னு எவ்வளவோ பாத்தேன் டீச்சர். நிக்கவே இல்ல. தண்ணி குடுத்தாத்தானே எச்சி வருது, அதான் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடுக்கறதில்ல. பள்ளிக்கூடத்துல யாரும் ஏதும் சொல்லக்கூடாதில்ல."

நூறு நாள் வேலைக்குப் போகும் தாய், வெயில் காலத்தில், தன் பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார். நான் சொன்ன ஒரு வாக்கியத்தால். அதன் பிறகுதான் நான் இதைப் படிக்கத் தொடங்கினேன். பேச்சுப் பயிற்சியாளரிடம் அவனை அழைத்துப் போய்க் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. நம் வாயில் மூன்று இணை பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. காதுக்கு முன்னால் ஓர் இணை, கீழ்த்தாடைக்கு அடியில் ஓர் இணை, நாக்குக்கு அடியில் ஓர் இணை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை உமிழ்நீர் சுரக்கிறது. நாம் யாரும் அதை உணர்வதில்லை. நினைக்காமலே விழுங்கிக்கொண்டிருக்கிறோம். விழுங்குவது சின்ன வேலை அல்ல. உதடு மூட வேண்டும், தாடை நிலையாக நிற்க வேண்டும், நாக்கு எச்சிலைத் திரட்டிப் பின்னால் தள்ள வேண்டும், அந்த நொடியில் மூச்சு நிற்க வேண்டும். இத்தனைக்கும் தலை ஆடாமல் நிற்க வேண்டும்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு எச்சில் மற்றவர்களைவிட அதிகமாகச் சுரப்பதில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சுரப்பது நம் அளவுதான். அதைத் திரட்டி விழுங்குவதில்தான் சிக்கல். தசை இறுக்கமோ தளர்ச்சியோ இருக்கலாம். உதடு நனைந்திருப்பதை உணரும் உணர்ச்சியே குறைவாக இருக்கலாம். "கன்னமெல்லாம் வழியுதே, இவனுக்குத் தெரியலையா?" என்று கேட்கிறோம். உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 7 முதல் 14 வயதுவரை மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு எச்சில் வடிதல் இருந்தது. எனவே இது ஏதோ ஒரு குழந்தையின் கெட்ட பழக்கம் அல்ல. கைக்குழந்தைக்கு எச்சில் வடிவது இயல்பு. ஒன்றரை, இரண்டு வயதில் பெரும்பாலும் நின்றுவிடும். நான்கு வயதுக்கு மேலும் விழித்திருக்கும் நேரத்தில் வடிந்தால் காரணம் தேட வேண்டும்.

காரணம் ஒன்றாக இருக்காது. சிலவற்றை ஆசிரியரே கண்டுபிடித்துவிடலாம். முதலாவது மூக்கு. மூக்கு அடைத்திருக்கும் குழந்தை வாயால்தான் மூச்சு விடும். அந்தக் குழந்தையிடம் "வாயை மூடு" என்றால் மூச்சை நிறுத்து என்று சொன்னதாக ஆகும். ஒரு சின்ன எவர்சில்வர் தட்டை மூக்குக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஆவி படிகிறதா? படியாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். அடினாய்டு வீக்கமோ ஒவ்வாமையோ இருக்கலாம். இரண்டாவது பல். சொத்தைப் பல்லும் ஈறு வீக்கமும் எச்சிலைக் கூட்டும். மூன்றாவது மருந்து. வலிப்புக்காகக் கொடுக்கும் குளோனாசெபம், குளோபாசாம் போன்ற சில மருந்துகள் சில குழந்தைகளுக்கு எச்சில் வடிவதை அதிகமாக்கும். அப்படித் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

இன்னொன்று. எச்சில் எப்போது அதிகம் வடிகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? எழுதும்போது, மணி கோக்கும்போது, குனிந்து வண்ணம் தீட்டும்போது. ஒரு வேலையில் மனம் முழுதும் போகும்போது விழுங்குவது மறந்துபோகிறது. அதாவது, பயிற்சி நூலின் பக்கம் நனைந்திருக்கிறது என்றால் அந்தக் குழந்தை அந்தப் பக்கத்தில் உழைத்திருக்கிறது என்று பொருள். நனைந்த பக்கத்தைப் பார்த்ததும் முகம் சுளிக்காதீர்கள். கீழே ஒரு பழைய தாளை வைத்து ஒற்றிவிட்டு, விடை சரியா என்று பாருங்கள்.

சரி, வகுப்பில் என்ன செய்யலாம்?

முதல் வேலை உட்காரும் விதம். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். நம் தம்பி தரையில் கூன் போட்டு உட்காருவான். தலை தொங்கும், வாய் தரையைப் பார்க்கும். அப்படி இருந்தால் யாருக்கும் எச்சில் கீழேதான் விழும். இயன்முறை மருத்துவர் சொன்னபடி அவனுக்கு முதுகு சாயும் மூலை இருக்கை ஒன்றை ஊர்த் தச்சரிடம் செய்து வாங்கினோம். முன்னால் சாய்வு மேசை. பழைய காலத்துக் கணக்கப்பிள்ளைகள் தரையில் வைத்து எழுதுவார்களே, அதே போல. அட்டை கண்ணுக்கு நேராக வந்தது, தலை நிமிர்ந்தது. பெஞ்சில் உட்காரும் குழந்தை என்றால் கால் தொங்கக் கூடாது. பாதம் முழுதாகப் பதிய ஒரு பலகையோ இரண்டு செங்கல்லோ போடுங்கள். இடுப்பு பின்னால் ஒட்டி இருக்கட்டும். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். கரும்பலகைக்கு நேராக உட்கார வையுங்கள். இதற்குச் செலவு அதிகம் ஆகாது. ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது.

இரண்டாவது, துடைக்கும் விதம். நாம் என்ன செய்கிறோம்? பின்னாலிருந்து வந்து, சொல்லாமல் கொள்ளாமல், முகத்தை அழுத்தித் தேய்த்துவிட்டுப் போகிறோம். தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணாகிறது. வாயைச் சுற்றித் தேய்ப்பதே மேலும் எச்சிலைத் தூண்டவும் கூடும். தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். எதிரில் வந்து, "துடைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, மென்மையான பருத்தித் துணியால் கீழுதட்டிலும் தாடையிலும் ஒற்றுங்கள். கை ஒத்துழைக்கும் குழந்தை என்றால் துணியை அதன் கையிலேயே கொடுங்கள். ஒற்றுவதற்கு முன் ஒரு சொல் சொல்லுங்கள்: "விழுங்கு." முதலில் விழுங்கு, பிறகு ஒற்று. இந்த வரிசை முக்கியம். துடைத்துக்கொண்டே இருந்தால் துடைக்கத்தான் பழகும். விழுங்கச் சொன்னால்தான் விழுங்கப் பழகும்.

எத்தனை முறை சொல்வது? நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்கே சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் சைகை வைத்துக்கொள்ளுங்கள். நான் என் தாடையைத் தொட்டால் நீ விழுங்க வேண்டும் என்று தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாது, மானமும் போகாது. எழுதத் தொடங்கும் முன் ஒருமுறை, பேசும் முன் ஒருமுறை, வேலை முடிந்ததும் ஒருமுறை என்று செயலோடு சேர்த்துவிட்டால் இன்னும் எளிது. செய்ததும் ஒரு தலையசைப்பு, ஒரு புன்னகை. மறந்தால் திட்டு வேண்டாம். சொன்னதைப் புரிந்துகொண்டு நினைவில் வைக்க முடிகிற குழந்தைக்கே இது பலன் தரும். முடியாத குழந்தையை வற்புறுத்தாதீர்கள். அங்கே இருக்கையும் துணியும் மருத்துவமும்தான் வழி.

மூன்றாவது, துணி. பத்து வயதுப் பையனுக்குக் கைக்குழந்தை போலக் கழுத்தில் எச்சில் துணி கட்டாதீர்கள். சீருடை நிறத்தில் முக்கோணமாக மடித்துக் கட்டும் கழுத்துத் துணி தைக்கலாம். உள்பக்கம் உறிஞ்சும் துண்டுத் துணி வைத்தால் சட்டை நனையாது. மணிக்கட்டில் விளையாட்டு வீரர்கள் போடுவது போன்ற துண்டுப் பட்டை போட்டால் தானே ஒற்றிக்கொள்வான். ஒரு நாளைக்கு ஐந்தாறு துணி தேவைப்படலாம். உலர்ந்ததற்கு ஒரு பை, ஈரமானதற்கு ஒரு பை. ஈரத் துணியை நாள் முழுதும் கழுத்திலேயே விட்டால் தாடையும் கழுத்தும் வெந்து புண்ணாகும். தோல் சிவந்தால் சுத்தம் செய்து, உலர்த்தி, வாசலின் போன்ற களிம்பைத் தடவச் சொல்லுங்கள்.

நான்காவது தண்ணீர். பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடிக்கிறோம். அந்த மணி இந்தக் குழந்தைக்கும் உண்டா என்று பாருங்கள். எச்சிலாக வெளியேறும் நீரையும் சேர்த்து ஈடுசெய்ய வேண்டிய உடம்பு அது. தண்ணீரைக் குறைத்தால் எச்சில் கெட்டியாகி, இழுபடும். விழுங்க இன்னும் கடினமாகும். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் கூடவே வரும். தம்பிக்கு நடந்தது அதுதான்.

தண்ணீர் குடிக்கும் விதத்தைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில், "எச்சில் பண்ணாமல் தூக்கிக் குடி" என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். பள்ளிக் குழாயடியிலும் அதே வழக்கம். விழுங்கச் சிரமப்படும் குழந்தை அண்ணாந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டால் என்ன ஆகும்? தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாய்க்குத் தண்ணீர் போகும் வாய்ப்பு அதிகம். புரையேறும். சில குழந்தைகளுக்கு நுரையீரலில் தொற்று வரும். எனவே இந்தக் குழந்தை வாய் வைத்துத்தான் குடிக்க வேண்டும். தலை நேராக, தாடை சற்றே தாழ்ந்து, சிறு சிறு மடக்காக. அதற்கென்று ஒரு டம்ளர் வீட்டிலிருந்து வரட்டும். டம்ளரைச் சாய்க்கும்போது மூக்கில் இடித்தால் தலை தானாகப் பின்னால் போகும். அதனால் மூக்குப் படும் பக்கம் வளைவாக வெட்டிய பிளாஸ்டிக் டம்ளரைப் பேச்சுப் பயிற்சியாளர்கள் தருவார்கள். உறிஞ்சு குழல் பயன்படுத்தலாமா என்பதையும் அவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள். எல்லாருக்கும் அது ஒத்துவராது.

இங்கே ஒரு மணித்துளி நிற்கிறேன். எச்சில் என்பது நமக்கு வெறும் நீர் இல்லை. எச்சில் இலை, எச்சில் டம்ளர், எச்சில் கை என்று எத்தனை சொற்கள். பட்டால் தீட்டு என்று பழகிய மனம் நமக்கு. பிள்ளைகள் அதை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள். அதனால்தான் அட்டையைத் தொட்டதும் கையை உதறினார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் ஆசிரியர் அந்த அட்டையை எடுத்து, சாதாரணமாக ஒற்றி, அடுத்த பிள்ளையிடம் கொடுத்தால் அது சாதாரண ஈரமாகிவிடுகிறது. ஆசிரியரே தனிப் பாய் போட்டால் அது தீட்டாகிவிடுகிறது. காலை உணவுக்கும் சத்துணவுக்கும் இந்தக் குழந்தையை எங்கே உட்கார வைக்கிறோம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பெற்றோர் சிலர் கேட்பார்கள், "என் பிள்ளைக்கும் ஒட்டிக்குமா சார்?" தெளிவாகச் சொல்லுங்கள். மூளை முடக்குவாதமோ அறிவுசார் குறைபாடோ எச்சிலால் தொற்றாது. சளி, காய்ச்சல் கிருமிகள் எந்தக் குழந்தையின் எச்சிலிலும் இருக்கலாம். அதற்குக் கை கழுவுவதும் பொருள்களைத் துடைத்து வைப்பதும் போதும். அது எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான விதி. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 16ஆம் பிரிவு, பாகுபாடின்றிச் சேர்த்து, மற்றவர்களோடு சமமாகக் கல்வியும் விளையாட்டும் தர வேண்டும் என்கிறது. கதவோரத் தனிப் பாய் அந்தச் சட்டத்துக்குப் பொருந்தாது.

அடுத்து, எப்போது மருத்துவரிடம் அனுப்புவது? சாப்பிடும்போது அடிக்கடி இருமல், புரையேறுதல், குரலோ மூச்சோ ஈரமாகக் களகளவென்று கேட்பது, திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி, நிமோனியா, எடை குறைவது. இவை தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. சில குழந்தைகளுக்கு எச்சில் வெளியே வராமல் தொண்டைக்குள் இறங்கி மூச்சுக்குழாய்க்குப் போகும். சட்டை உலர்ந்திருப்பதால் நாம் கவனிக்கமாட்டோம். இதுவரை எச்சில் வடியாத குழந்தைக்குத் திடீரென வடிந்து, காய்ச்சலோடு விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் அன்றே, அப்போதே மருத்துவமனை.

அனுப்பும்போது வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள். பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் எளிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. வாய் உலர்ந்திருந்தால் 1. உதடு மட்டும் நனைந்தால் 2. உதடும் தாடையும் நனைந்தால் 3. உடை நனைந்தால் 4. உடை, கை, மேசை, புத்தகம் எல்லாம் நனைந்தால் 5. எத்தனை நேரம் என்பதற்குத் தனியாக: எப்போதும் இல்லை 1, எப்போதாவது 2, அடிக்கடி 3, ஓயாமல் 4. ஒரு வாரம் காலையிலும் மதியத்திலும் குறித்துக் கொடுத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. ஐந்து நிமிடம் பார்க்கும் அவருக்குத் தெரியாதது, ஐந்து மணி நேரம் பார்க்கும் நமக்குத் தெரியும்.

எங்கே அனுப்புவது? முதலில் உங்கள் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் பேசுங்கள். பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் காட்டி, மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை வாங்கலாம். சென்னையை ஒட்டிய முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

மருத்துவத்தில் என்ன உண்டு என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வோம். எச்சில் சுரப்பைக் குறைக்கும் கிளைக்கோபைரோலேட், டிரைஹெக்ஸிஃபெனிடில் போன்ற மருந்துகள் உள்ளன. நரம்புசார் பாதிப்பால் எச்சில் வடியும் 3 முதல் 16 வயதுக் குழந்தைகளுக்குக் கிளைக்கோபைரோலேட் திரவ மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் ஏற்றது. ஆனால் இவை மலச்சிக்கல், சிறுநீர் தேங்குதல், பார்வை மங்கல் போன்றவற்றைத் தரக்கூடும். வியர்வையையும் குறைக்கும். நம் ஊர் வெயிலில் இது முக்கியம். இந்த மருந்து சாப்பிடும் குழந்தையை உச்சி வெயிலில் உடற்கல்விக்கு நிறுத்தாதீர்கள். முகம் சிவந்து உடம்பு கொதித்தால் நிழலுக்கு அழைத்துவந்து, உடம்பைக் குளிரவைத்து, உடனே மருத்துவ உதவி தேடுங்கள். சுரப்பிகளில் போட்டுலினம் ஊசி போடும் முறையும் உண்டு. பலன் சில மாதங்களே நிற்கும், பிறகு திரும்பப் போட வேண்டும். மற்றவை பலிக்காதபோது அறுவை சிகிச்சையும் செய்கிறார்கள். எது வேண்டும் என்பதை மருத்துவரும் பெற்றோரும் முடிவு செய்யட்டும். நம் வேலை கவனித்துச் சொல்வது.

உதட்டுப் பயிற்சி, ஊதுவது, நாக்கு நீட்டுவது என்று இணையத்தில் நிறையக் காணொலிகள் வருகின்றன. அவற்றை நம்பி ஆண்டுக்கணக்கில் குழந்தையை வதைக்க வேண்டாம். அவற்றுக்கான ஆய்வுச் சான்று வலுவாக இல்லை. பேச்சுப் பயிற்சியாளர் குறிப்பிட்ட குழந்தைக்கென்று சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

தம்பியின் கதையை முடிக்கவில்லை. மருத்துவமனையில் அவன் மூக்கடைப்புக்கு மருந்து கொடுத்தார்கள், இரண்டு சொத்தைப் பற்களை எடுத்தார்கள். தண்ணீர் திரும்ப வந்தது, வயிறு சரியானது. மூலை இருக்கையோடு பள்ளிக்கு வந்தான். அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சர், உங்களுக்கும் தெரியாதுல்ல" என்றார். ஒரு நாளைக்கு ஏழு துணி ஆன இடத்தில் நான்கு மாதத்தில் மூன்று துணி ஆனது. எச்சில் நிற்கவில்லை. இன்றும் அவனுக்கு எழுதும்போது வடிகிறது. பள்ளி இறுதி வரை படித்தான். ஊரில் ஒரு கணினி மையத்தில் வேலை பார்க்கிறான். கழுத்தில் ஒரு துண்டு இருக்கும், அவ்வளவுதான்.

அந்த வகுப்பில் நான் சொல்லாமலே ஒன்று நடந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் பிள்ளை, வகுப்பாசிரியை தாடையைத் தொடுவதைக் கவனித்திருக்கிறாள். ஆசிரியை மறந்த நாளில் அவளே தன் தாடையைத் தொட்டுக் காட்டுவாள். அவன் விழுங்கி, ஒற்றிக்கொண்டு, அடுத்த அட்டையை அவள் பக்கம் தள்ளுவான். அவள் அதை எடுத்துக்கொள்வாள். கையை உதறவில்லை.

நாளை உங்கள் வகுப்புக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். எச்சில் வடியும் குழந்தை இருந்தால், "வாயை மூடு" என்று சொல்வதற்கு முன் மூன்றைப் பாருங்கள். கால் தரையில் படுகிறதா, மூக்கில் மூச்சு வருகிறதா, காலையிலிருந்து தண்ணீர் குடித்ததா. பார்த்ததைக் குறித்து வைத்து, உங்கள் வட்டாரச் சிறப்பாசிரியரை அழையுங்கள். அவருக்கும் தெரியாமல் இருக்கலாம், என்னைப் போல. சேர்ந்து தெரிந்துகொள்ளுங்கள்.